போன் கிளாஸில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறோம். பெயரெல்லாம் வைக்கவில்லை, வருகிறவர்கள் 'போன் கிளாஸ்' என்கிறார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பூ விற்கும் அக்கா, வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், இட்லிக்கடை அம்மா, ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா என்று பத்துப் பதினைந்து பேர். நாலு வருடமாக அதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் இங்க வந்து இன்னா பண்ணப் போறேன்?

நிறையப் பண்ணலாம். தட்டச்சு வராவிட்டால் கீபோர்டில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதிவிடும். வந்ததைப் படிக்கச் சிரமமாக இருந்தால் வாய்விட்டுப் படித்துக்காட்டும் வசதியும் போனிலேயே இருக்கிறது. முதல் நாள் நாங்கள் செய்வது எழுத்தைப் பெரிசாக்குவது ஒன்றுதான், பாதிப் பேருக்கு அதிலேயே பயம் போய்விடுகிறது.

1990-களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது புதுக்கோட்டையில் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்து முடியட்டும், அப்புறம் சைக்கிள் என்று யாரும் காத்திருக்கவில்லை. இன்றைக்கு 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் (2022 முதல் 2027 வரை) டிஜிட்டல் அறிவு ஒரு பாடம்தான். அதனால் எழுத்து வரட்டும் என்று காத்திருக்காமல் நேராக வாருங்கள்.

எதையாவது தப்பா அமுக்கிட்டா பேங்க்ல இருக்கிற காசு போயிடுமா தம்பி?

சும்மா அமுக்கினால் போகாது. ஜிபே, போன்பே எதுவாக இருந்தாலும் பணம் வெளியே போக பொதுவாக உங்கள் ரகசிய பின் எண் வேண்டும். பின்னைப் போடுவது செக்கில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. பணம் வாங்க பின் தேவையே இல்லை. "உங்களுக்கு ஐயாயிரம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று எவனாவது சொன்னால், அவன் உங்கள் ஐயாயிரத்தைத்தான் கேட்கிறான்.

ஒரு குழப்பம் மட்டும் உண்டு. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்போதும் பின் கேட்கும். அது சரிதான், பயப்பட வேண்டாம், ஆனால் நீங்களாகப் பார்க்கப் போனால் மட்டும் போடுங்கள், போனில் யாரோ சொல்லி இல்லை.

மெசேஜ் மேல ரெண்டு அம்பு இருக்கே, அது எதுக்கு?

அந்தச் செய்தி பல கை மாறி வந்தது என்று வாட்ஸ்அப் சொல்கிறது. ஒற்றை அம்பு என்றால் யாரோ ஃபார்வர்ட் செய்தது. இரட்டை அம்பு என்றால் சங்கிலி மாதிரி கைமாறிக்கொண்டே வந்தது. 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ள முடியாதபடி செய்தார்கள், 2020-ல் இரட்டை அம்புச் செய்திகளை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள்.

இரட்டை அம்பு வந்தாலே பொய் என்று அர்த்தமில்லை. எழுதினவன் யார் என்று அனுப்பினவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அனுப்பினது என் சொந்தத் தம்பி. அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்ததை அனுப்பினார். நமக்கு அனுப்பினவர் முகம்தான் தெரியும், எழுதினவர் முகம் தெரியாது, ஆனால் அனுப்பினவர் மேல் இருக்கிற பாசத்தை எழுதினவருக்குக் கொடுத்துவிடுகிறோம். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசுவேன், மன்னிக்கவும், காரணம் இருக்கிறது.

2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி ஓடியது. அந்த மே மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னையைச் சேர்ந்த ஒரு வயதான அம்மாவைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்றார்கள். அவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். அதே நாட்களில் நமக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒரு மனிதரையும் அடித்துக் கொன்றார்கள். அந்தச் செய்தியை அனுப்பினவர்களில் பெரும்பாலோர் யாரோ ஒருவருக்குச் சொந்தத் தம்பி, சொந்த அத்தை, பக்கத்து வீட்டுக்காரர். "நம்ம புள்ளைங்க ஜாக்கிரதையா இருக்கட்டும்" என்ற அக்கறையில் அனுப்பினவர்கள்தான்.

அப்போ போன்ல வர எதையுமே நம்பாம இருந்துட்டா வேலை முடிஞ்சுதே?

ரொம்பப் பேர் இங்கேதான் வந்து நிற்கிறார்கள், அதுவும் நாலு முறை ஏமாந்தவர்கள். இதற்கு ஒரு முதலைக் கதை இருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஈ.சி.ஆர். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்று ஊரெல்லாம் பேச்சு. பண்ணைக்காரர்களே அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். சுத்தப் புரளி. அதே வெள்ளத்தின்போது 'நாசா சொல்லிவிட்டது, 250 சென்டிமீட்டர் கொட்டப் போகிறது' என்றுகூட ஒன்று சுற்றியது. சரி, எட்டு வருடம் கழித்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பெருங்களத்தூர் பக்கம் நெடுங்குன்றம் ரோட்டில் ராத்திரி ஒரு முதலை சாலையைக் கடக்கிற வீடியோ வந்தது. எங்கள் வகுப்புக் குழுவில் ஒருவர் உடனே "பழைய புரளி, 2015-லயே பார்த்தாச்சு, யாரும் பரப்பாதீங்க" என்று அறிவாளித்தனமாக எழுதினார். அந்த வீடியோ நிஜம். சென்னையைச் சுற்றியிருக்கும் சில நீர்நிலைகளில் சதுப்பு நில முதலைகள் இருக்கின்றன, அவை கூச்ச சுபாவமுள்ளவை, கிட்டே போகாதீர்கள், பயப்பட வேண்டாம் என்று சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலரே எழுதினார்.

எதையும் நம்பாதவர் இருட்டில் அந்த ரோட்டில் வண்டி எடுத்துக்கொண்டு போயிருப்பார். எல்லாவற்றையும் நம்புகிறவரும் எதையும் நம்பாதவரும் செய்வது ஒன்றுதான், ரெண்டு பேருமே எதையும் பார்க்கப் போவதில்லை.

சரி, எப்படித்தான் செக் பண்றது? எனக்கு இங்கிலீஷும் வராதே.

தமிழே போதும். செய்தியில் இருக்கிற மூன்று நான்கு முக்கியமான வார்த்தைகளை (ஊர் பெயர், என்ன நடந்தது) கூகுளில் பேசித் தேடுங்கள். பெரிய சம்பவம் என்றால் குறைந்தது ரெண்டு மூன்று பத்திரிகையில் வந்திருக்கும். 'இதை எந்த டிவியும் காட்ட மாட்டான்' என்று எழுதியிருந்தால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். நம் ஊர் டிவிக்காரர்கள் எதைத்தான் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்?

படமாக இருந்தால், படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் மூன்று வருடம் முன்பே வந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். வீடியோ என்றால் நிறுத்தி, ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட வேண்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பரவியதே, அதில் காட்டப்பட்டவற்றில் வேறு மாநிலத்தில் நடந்த சண்டை வீடியோக்களும் உண்டு. நம் ஊர் போலீசே வீடியோ போட்டு மறுக்க வேண்டிவந்தது. நமக்கு வருகிற வதந்தியில் எப்போதும் வேறு யாரோ வில்லன், அந்த முறை வில்லன் நாம்.

தமிழுக்கே உரிய தொல்லை நியூஸ் கார்டு. ஒரு சேனல் லோகோ, ஒரு தலைவர் படம், அவர் சொல்லாத ஒரு வாக்கியம். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துரு கொஞ்சம் மாறியிருக்கும், பல நேரம் எழுத்துப் பிழையும் இருக்கும். தமிழில் யூடர்ன் மாதிரி உண்மை சரிபார்க்கிற தளங்கள் இருக்கின்றன. மாநில அரசுக்கு ஒரு தகவல் சரிபார்ப்பகம் உண்டு, மத்திய அரசுக்கு பி.ஐ.பி. ஃபேக்ட் செக். அரசு நடத்துவதை அரசுத் திட்டம், சுற்றறிக்கை போன்றவற்றுக்குப் பயன்படுத்துங்கள். அரசைப் பற்றிய விமர்சனத்துக்கு அரசே தீர்ப்புச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மத்திய அரசைப் பற்றி வருவதில் எது பொய் என்று அதன் பிரிவே முடிவு செய்யலாம் என்ற விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் இந்த மாதிரி கவலைகளால்தான்.

ரெட் அலர்ட்னு சொன்னாங்க, வெயில் அடிச்சுது. அப்போ வானிலைக்காரங்களும் ஃபேக் நியூஸ்தானே?

இல்லை. முன்கணிப்பு தவறுவதும் பொய்ச் செய்தியும் வேறு வேறு. 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினோமே, சொன்ன நாளில் அந்த அளவு மழை வரவில்லை. ஆனால் நுங்கம்பாக்கம் வானிலை மையம் என்ன சொன்னது, ஏன் மாறியது என்பதை அவர்கள் பெயர் போட்டே சொன்னார்கள். யாரோ ஒருவன் பெயரில்லாமல் 'இன்னும் மூணு மணி நேரத்தில் ஏரி உடையும்' என்று குரல் பதிவு அனுப்புவது வேறு ரகம்.

ஒரு உபயோகமான விஷயம். கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று செய்தியில் வாசிப்பதை நாம் ஒரே மாதிரி கேட்கிறோம். அவை அளவுகள். ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை என்றால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. இட்லிக்கடை அம்மா இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'மிக'வா 'அதி'யா என்று பார்த்துத்தான் அரிசி ஊறப் போடுகிறார்.

போலீஸ் ட்ரெஸ்ல வீடியோ கால்ல வந்து, என் ஆதார்ல ஏதோ பார்சல்ல போதைப்பொருள் போயிருக்குங்கிறான்.

கட் பண்ணுங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது, 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலிப் பேச்சில் இதைச் சொன்னார். எந்த போலீசும், சி.பி.ஐ.யும், நீதிபதியும் வீடியோவில் கைது செய்து 'சரிபார்க்க' பணம் அனுப்பச் சொல்ல மாட்டார்கள். அவனுக்கு வேண்டியது நீங்கள் தனியாக இருப்பது. "யார்கிட்டயும் சொல்லாதீங்க, கதவைச் சாத்துங்க" என்பான். நீங்கள் செய்ய வேண்டியது கதவைத் திறந்து பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவது.

கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வந்துச்சு, திறக்கலாமா? ஈபி கட் பண்ணுவோம்னு மெசேஜும் வருது.

பெயரின் கடைசியில் 'ஏபிகே' (.apk) என்று இருந்தால் அது பத்திரிகை இல்லை, ஒரு ஆப். நிறுவினால் உங்கள் மெசேஜ், ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். தப்பாக அமுக்கினால் காசு போகாது என்று மேலே சொன்னேனே, அதற்கு விதிவிலக்கு இதுதான். போக்குவரத்து அபராதம் என்று சொல்லியும் இதே மாதிரி வரும்.

ஈபி மெசேஜ் பத்து இலக்க சாதாரண எண்ணிலிருந்து வந்தால் பொய். நிறுவனங்கள் அனுப்புவது எழுத்துப் பெயரில் வரும், 2025 முதல் அதன் கடைசியில் கோடு போட்டு ஓர் எழுத்தும் இருக்கும். ஜி என்றால் அரசு, எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிமாற்றம், பி என்றால் விளம்பரம்.

காசு போயிடுச்சு தம்பி. வீட்ல சொல்ல வெட்கமா இருக்கு.

வீட்டில் அப்புறம் சொல்லலாம், முதலில் 1930-க்குப் போன் பண்ணுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. திருடினவன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போவான், அது முழுக்க எடுக்கப்படும் முன் நிறுத்தினால் கொஞ்சமாவது மிஞ்சும், அதனால் நாளைக் காலை வரை காத்திருக்காதீர்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதிவு செய்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாமலேயே வெளியாள் ஏதோ செய்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் நஷ்டம் உங்கள் மேல் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் கஷ்டம், வங்கியிடம் சொல்லும் வரை போன பணம் நம் நஷ்டம்தான்.

வெட்கத்துக்கு வருவோம். எங்கள் வகுப்பில் ஏமாந்த கதையைச் சொன்ன முதல் ஆள் பூக்கார அக்கா. அவர் சொன்ன அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் சொன்னார்கள், அதில் ஒருவர் எம்.காம். படித்தவர்.

எங்க தெருவுல லைட்டு எரியல. போன் கிளாஸ்ல ஏன் அதைப் பேசுறீங்க?

அதைத்தான் முக்கியமாகப் பேசுகிறோம். ஏமாறாமல் இருக்க மட்டும் போனைக் கற்றுக்கொண்டால், கதவுக்குப் பூட்டு வாங்கிவிட்டு வீட்டை விட்டு வெளியே வராத கதை. விளக்கு, குப்பை, தேங்கிய தண்ணீர் என்றால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள், அல்லது 'நம்ம சென்னை' ஆப்பில் படத்தோடு போடுங்கள். மாநில அரசு விஷயம் என்றால் முதல்வரின் உதவி மையம், 1100. எதில் சொன்னாலும் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் இல்லாத புகார் தண்ணியில் எழுதினது. விளக்குக் கம்பத்தில் இருக்கும் எண்ணையும் சேர்த்துப் படம் எடுங்கள், "கோயிலுக்குப் பக்கத்துல" என்றால் வியாசர்பாடியில் நூறு கோயில் இருக்கிறது.

வேலை முடிந்தது என்று மெசேஜ் வந்து, விளக்கு எரியவில்லை என்றால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி போடுங்கள், வார்டு கவுன்சிலரிடமும் காட்டுங்கள். சென்னையில் 200 வார்டு, ஒவ்வொன்றிலும் ஏரியா சபை (அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது, எப்போது என்று கேளுங்கள். அப்புறமும் நகரவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005-லிருந்து இருக்கிறது, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் விளக்குப் போடவில்லை என்று சண்டைக் கேள்வி கேட்காதீர்கள், "இந்த எண்ணுள்ள புகாரின் மேல் எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை, கோப்பின் நகல் தேவை" என்று கேளுங்கள். காகிதம் கேட்டால் காகிதம் வரும்.

ஓட்டர் ஐடி கையில இருக்கு. அப்புறம் லிஸ்ட்ல எதுக்குப் பார்க்கணும்?

கார்டு இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஓட்டு இல்லை. 2025 நவம்பர் 4-ல் தொடங்கிய தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போனதைப் பார்த்தோம். இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், ரெண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிற நம்மைப் போன்றவர்கள் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் தேர்தல் ஆணையத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றம், திருத்தத்துக்கு 8, நீக்க 7. சந்தேகம் இருந்தால் 1950.

கலைஞர் பேசுற புது வீடியோ வந்துச்சே. அவர் போய் எத்தனை வருஷம் ஆச்சு?

2018-ல் மறைந்தார். 2024 ஜனவரியில் ஒரு விழாவில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வழியாக அவர் பேசுகிற மாதிரி வீடியோ காட்டினார்கள். அடுத்த மாதமே அ.தி.மு.க., 2016-ல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் ஒரு பதிவை வெளியிட்டது. இரண்டும் ஏஐ என்று வெளிப்படையாகத் தெரிந்தே வந்தவை. சிக்கல் என்னவென்றால் அதே கருவி உயிரோடு இருப்பவர் குரலுக்கும் வேலை செய்யும். விரலை எண்ணு, கண் இமைக்கிறதா பார் என்று முன்பு சொல்லிக்கொடுத்தேன், இப்போது நிறுத்திவிட்டேன், கருவி அதையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. இப்போது பார்க்க வேண்டியது வீடியோவுக்கு வெளியே. அவர் அங்கே அன்றைக்கு இருந்தாரா, வேறு யார் அதைப் பதிவு செய்தார்கள்? மகன் குரலில் அவசரமாகப் பணம் கேட்டு அழைப்பு வந்தால், வைத்துவிட்டு அவன் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

ஃபார்வர்ட் பண்ணினாலே கேஸா? நான் குரூப் அட்மின், என்னையும் பிடிப்பாங்களா?

ஃபார்வர்டுக்கு வரலாம். நடிகராகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருந்த ஒருவர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவாகப் பேசும் பதிவைப் பகிர்ந்து, பிறகு நீக்கி மன்னிப்பும் கேட்டார். படிக்காமல் பகிர்ந்தேன் என்றார். பகிர்ந்தவர் அந்தக் கருத்தை ஏற்றவராகவே கருதப்படுவார் என்று சொல்லி, 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது.

அட்மினுக்குக் கொஞ்சம் நிம்மதி. அட்மின் என்பதால் மட்டும், மற்றவர் போட்டதற்குப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் மதுரைக் கிளையும் 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. நீங்களும் சேர்ந்து கைதட்டினால் அது வேறு. மூன்று டிக் வந்தால் அரசாங்கம் பார்க்கிறது என்பது மட்டும் சுத்தக் கட்டுக்கதை.

எங்க கட்சி குரூப்ல பொய்னு தெரிஞ்சே போடுறாங்க. எதிர்த்துப் பேசினா என்னைத் தள்ளி வெச்சுடுவாங்களே?

நியாயமான பயம். குழுவில் எல்லோர் முன்னாலும் "இது பொய்" என்று போட்டால் அனுப்பினவர் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார், பொய் இன்னும் கெட்டியாகும். தனியாகக் கூப்பிட்டு "அண்ணே, இது பழைய வீடியோவாம், எதிர்க்கட்சிக்காரன் கண்டுபிடிச்சா நம்ம பேருதான் கெடும்" என்று சொல்லிப் பாருங்கள். பாதி பேர் நீக்கிவிடுகிறார்கள். மீதிப் பாதியிடம் நான் தோற்றுத்தான் போயிருக்கிறேன், அதற்கு என்னிடம் வழி இல்லை.

நீங்க சொல்றது மட்டும் சரின்னு நாங்க எப்படி நம்புறது?

ஃபிட்டர் ஐயா கேட்டது. நம்ப வேண்டாம். முதலைக் கதையில் 'குழுவில் ஒருவர்' அறிவாளித்தனமாக எழுதினார் என்றேனே, அது நான்தான். ஐயா அன்றைக்குப் பதில் எதுவும் எழுதவில்லை, வனத்துறைச் செயலர் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் எனக்குக் கீழே போட்டார். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அதை நானே வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

இந்தப் பக்கத்தில் இருக்கும் எண்களையும் படிவங்களையும் அந்தந்தத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தப்பு இருந்தால் சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்து சொல்லுங்கள், டீ உண்டு.